நர்சிங் மாணவிகளுக்கு அறவியல் வகுப்பு: உங்கள் வார்டு அனுபவங்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு அறவியல் பாடம் எடுக்கிறேன். நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று மருத்துவ அறவியலின் நான்கு கொள்கைகளையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால், "அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கெஞ்சிவிட்டுப் போகிறார், நைட் டியூட்டியில் டிரிப்ஸ் மாற்றும்போது அந்த அப்பாவே, "எனக்கு என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்கிறார். இப்போது என்ன சொல்வாய் என்றால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது.

பொய் ஒருபோதும் கூடாது என்ற தத்துவ அறிஞர் காண்ட்டையும், விளைவைப் பார்க்கச் சொன்ன இன்னொரு தத்துவ அறிஞர் மில்லையும் அந்த அமைதியில்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம். கொள்கையை முதலில் சொன்னால் அது தேர்வோடு முடிந்துவிடுகிறது.

அடுத்து நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கு. 1973-இல் தாக்கப்பட்டு உணர்விழந்த அவரை, 2015-இல் இறக்கும்வரை மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்சுகள் பராமரித்தார்கள். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கவனித்துக்கொண்ட ஊழியர்களின் விருப்பத்துக்கு அங்கே பெரிய மதிப்பு கிடைத்தது. அது சரியா என்று மாணவிகளை விவாதிக்க வைக்க ஆசை.

உங்களிடம் கேட்பது: வார்டில் உங்களை உலுக்கிய இக்கட்டான தருணம் இருந்தால், பெயர், ஊர், மருத்துவமனை அடையாளம் இல்லாமல் நாலைந்து வரி எழுதுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம். அப்புறம், கூச்சப்படும் மாணவிகளைப் பேச வைத்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் எப்படித் தொடங்கினீர்கள் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.