நந்தி மலை இறக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு: ஒட்டிய காஸ் துணியை எப்படி எடுப்பது?

சங்கிலிக்கறை: நேற்று காலை ஜல்லியில் சக்கரம் வழுக்கிவிட்டது. இடது முழங்கை, இடுப்பு ரெண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருக்கு. டெட்டால் ஊற்றி, நியோஸ்போரின் பவுடர் தூவி, வெறும் காஸ் கட்டியாச்சு. இப்போ காஸ் ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, உள்ளே கறுப்பாப் புள்ளி தெரியுது. என்ன செய்யணும்?

மல்லேஸ்வரம் நர்ஸக்கா: காஸை இழுக்காதீங்க தம்பி, புதுத்தோலும் சேர்ந்து வந்துடும். மெடிக்கல்ல 500 மில்லி என்.எஸ். (நார்மல் சலைன், உப்புக் கரைசல்) பாட்டில் வாங்கி, 15 நிமிஷம் ஊற விட்டு, ஓரத்துலேருந்து தோலோட ஒட்டினாப்புல மடக்கி மடக்கி எடுங்க. பவுடர் ரத்தத்தோட சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும், அதுவும் ஊறினாத்தான் வரும்.

கறுப்புப் புள்ளிதான் முக்கியம். அந்தத் தூசி உள்ளேயே இருந்து மேலே தோல் மூடிட்டா, பச்சை குத்தினது போல நிரந்தரமா நின்னுடும். 20 மில்லி சிரிஞ்சுல என்.எஸ். எடுத்துப் பீய்ச்சுங்க, ஈரக் காஸால மெதுவாத் தேய்ங்க. அப்பவும் போகலைன்னா இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, மரத்துப்போக மருந்து போட்டு எடுப்பாங்க. நாளாக ஆக எடுக்கறது கஷ்டம்.

என்.எஸ். தீர்ந்தா குடிக்கிற கேன் தண்ணி போதும், டேங்கர் தண்ணி வேண்டாம். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் புண்ணுக்குள்ள ஊத்தாதீங்க. கிருமியோட வளர்ற செல்லையும் கொல்லும்.

கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா இன்னைக்கே போட்டுக்குங்க, ரோட்டு மண் பட்ட புண்.

பிரேக்லீவர்: காய வைக்கணும்கிற பழக்கத்தை விடுங்க ப்ரோ. பொருக்கு தட்டினா புதுத்தோல் அதுக்கு அடியில வழி தேடி ஊரணும். ஈரமா இருந்தா மேலோட்டமாவே நகர்ந்து சீக்கிரம் மூடும். ஹைட்ரோகொலாய்டு (புண்ணுல கசியற ஈரத்தை உறிஞ்சிக் கூழாகற ஒட்டுப் பட்டை) ஒட்டுங்க. புண்ணைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. இருக்கணும், மூலையை வட்டமா வெட்டுங்க, இல்லைன்னா சட்டையில உரசி சுருண்டுக்கும். முழங்கையை மடக்கி வெச்சு ஒட்டணும். நீட்டி ஒட்டினா முதல் தடவை மடக்கும்போதே பிய்ஞ்சிரும்.

மல்லேஸ்வரம் நர்ஸக்கா: ஹைட்ரோகொலாய்டு நல்லதுதான், ஆனா உடனே வேண்டாம். தூசி முழுசாப் போச்சான்னு தெரியாத புண்ணை நாலு நாள் மூடி வைக்கக்கூடாது. முதல் ரெண்டு நாள் பாரஃபின் காஸ் (வாசலின் மாதிரி பூசின, புண்ணுல ஒட்டாத காஸ்), மேலே பஞ்சுப் பேடு, தினம் பிரிச்சுப் பாருங்க. சுத்தமா இருந்தா அப்புறம் ஒட்டுங்க. ஒட்டின பட்டைக்கு உள்ளே மஞ்சளாக் கூழ் கட்டி வாடை அடிக்கும். பயப்படாதீங்க, அது சீழ் இல்லை. சுத்தியுள்ள தோல் சிவந்து பரவினா, சூடு, காய்ச்சல், கூடிக்கிட்டே போற வலி இருந்தா டாக்டர்.

சங்கிலிக்கறை: நன்றி அக்கா. இடுப்புல பேண்ட் பட்டை உரசுது, அங்கே எதுவும் நிக்கமாட்டேங்குது?

பிரேக்லீவர்: பேட்டுக்கு மேலே வலை பேண்டேஜ், லுங்கி தளர்வா. சைக்கிளிங் ஷார்ட்ஸ் தோல் மூடற வரைக்கும் வேண்டாம். அப்புறம், கையை ஊன்றி விழுந்தீங்கன்னா கட்டைவிரல் அடியில இருக்கற குழியை அமுக்கிப் பாருங்க. வலிச்சா எக்ஸ்ரே எடுங்க. அங்கே இருக்கற சின்ன மணிக்கட்டு எலும்போட (ஸ்கேஃபாய்டு) முறிவு முதல் எக்ஸ்ரேல தெரியாமலும் போகும், அதனால வலி தொடர்ந்தா திரும்பக் காட்டணும்.