ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது: எர்த் கேபிள் கிட் வாங்கலாமா?

ராத்திரி ஷிஃப்ட் (பாகான் டாலாம்)

வணக்கம். என்னிடம் இருப்பது 1999 புரோட்டான் வீரா 1.5 மேனுவல். அப்பா ஓட்டிய காடி, விற்க மனசு வரவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிறேன். தினமும் பினாங்குப் பாலம் தாண்ட வேண்டும். 13.5 கிலோமீட்டர் பாலம், நடுவில் நின்றுவிட்டால் என்ன கதி என்று ஏறும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

போன மாதம் நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், ஏர்கோன் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்ரெசர் ‘டக்’ என்று பிடிக்கும்போதெல்லாம் லைட் மங்குகிறது, வைப்பர் பாதி வழியில் சோம்பல் முறிக்கிறது. அதைக்கூடப் பழைய காடி என்று விட்டிருப்பேன். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஒரு கோடு ஏறுகிறது, அணைத்ததும் உடனே இறங்குகிறது. ரேடியேட்டர் தண்ணீர் ஒரு நொடியில் எப்படி ஆறும்?

காலையில் ஸ்டார்ட் அடித்தால் கிழவர் படியேறுவது மாதிரி சுற்றுகிறது. பேட்டரி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது கரன்ட் தயாரிப்பது) போச்சு என்றார்கள், இன்னொன்றில் ஸ்டார்ட்டர் என்றார்கள். ஆக்சசரிஸ் கடைக்காரர் ஐந்து வயர் உள்ள எர்த் கேபிள் கிட்டைக் காட்டி, 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) எல்லாம் சரியாகிவிடும், பிக்-அப்பும் கூடும் என்கிறார். வாங்கலாமா?

இன்னொன்று. சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வாரம் நாலைந்து தடவை தொடர்ந்து ஸ்டார்ட் அடித்தபோது பெடல் பக்கம் லேசாகப் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது.

—

சுங்கை ஆரா மைவி

வாங்குங்க பாஸ். என் பழைய காடியில் போட்டேன், ஐடிலிங் பட்டு மாதிரி ஆகிவிட்டது, லைட்டும் பளிச். நீல நிற வயர் எடுங்கள், போனெட் திறந்தால் அழகாக இருக்கும்.

—

ஜெலுத்தோங் வயர்மேன்

தம்பி, 180 வெள்ளி பையிலேயே இருக்கட்டும். 20 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் மட்டும் வாங்குங்கள்.

மைவிக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே சரியாகியிருக்கும். ஏன் என்றால் அவர் காடியில் பழைய எர்த் கேபிள் ஏற்கனவே செத்திருக்கும், புது வயர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நல்ல எர்த் உள்ள காடியில் பத்து வயர் போட்டாலும் போனெட்டுக்குத்தான் அழகு. முப்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், எர்த் கிட் போட்டுக் குதிரைசக்தி கூடியதை நான் இன்னும் பார்க்கவில்லை.

பேட்டரியிலிருந்து கிளம்பிய கரன்ட் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். திரும்பி வருவதற்குத் தனி வயர் போடாமல் பாடித் தகரத்தையே வயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். ரப்பர் கரன்ட் விடாது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டும் அந்த இஞ்சினில்தான் போல்ட் அடித்திருக்கின்றன. அதனால் பேட்டரி நெகட்டிவையும் பாடியையும் இஞ்சினையும் சேர்த்துக் கட்ட ஒன்றிரண்டு தடித்த கேபிள் வரும், அதுதான் எர்த் கேபிள். உங்கள் காடியில் அதில் ஒன்று போயிருக்கிறது. எது என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பார்ப்போம்.

மீட்டரை ஓமில் (தடை அளவு) வைத்துப் பார்க்காதீர்கள். மெலிந்த ஒரே ஒரு கம்பி மிச்சம் இருந்தாலும் மீட்டர் ‘பீப்’ அடித்து நல்லது என்று சொல்லிவிடும். ஸ்டார்ட் அடிக்கும்போது 100, 150 ஆம்ப்ஸ் ஓடும். அந்த நேரத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்று, ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் ஒன்றரை என்றால் சும்மாவா? 0.01 ஓமை உங்கள் 20 வெள்ளி மீட்டர் காட்டவே காட்டாது. லோடு ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் தெரியும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழிலேயே குத்துங்கள். மேலே இருக்கும் கிளாம்பில் வேண்டாம், பாதி நேரம் கோளாறே கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவில்தான் இருக்கும். சிவப்பு முனை இஞ்சினில், பெயின்ட் இல்லாத இடத்தில். இஞ்சின் பிடிக்காமல் சும்மா சுற்றுவதற்காக இக்னிஷன் காயில் பிளக்கைக் கழற்றிவிட்டு, யாரையாவது ஐந்து வினாடி ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2க்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் அவுட். அப்புறம் பிளக்கைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர், பிளோவர், ஏர்கோன் எல்லாம் போட்டு அதையே பாருங்கள். பிறகு சிவப்பு முனையைப் பாடிக்கு மாற்றிப் பாருங்கள்.

அந்தக் கருகல் வாடைதான் எனக்குக் கவலை. ஸ்டார்ட் அடித்த கையோடு எக்ஸிலரேட்டர் கேபிளை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், கவனமாக.

—

ராத்திரி ஷிஃப்ட் (பாகான் டாலாம்)

அண்ணே, ரொம்ப நன்றி. இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, தங்கச்சியை ஸ்டார்ட் அடிக்க உட்கார வைத்துப் பார்த்தேன்.

நெகட்டிவ் குமிழிலிருந்து இஞ்சின், ஸ்டார்ட் அடிக்கும்போது 1.2. இஞ்சின் ஓடும்போது எல்லா லோடும் போட்டால் −0.3. மைனஸ்! முனைகளை மாற்றிப் பிடித்தேனோ என்று மூன்று தடவை பார்த்தேன், கறுப்பு நெகட்டிவில்தான் இருக்கிறது. பாடிக்கு மாற்றினால் 0.02. பேட்டரியில் 13.7, ஆல்டர்னேட்டரின் சொந்த பாடிக்கும் அதில் கரன்ட் வெளியே வரும் போல்ட்டுக்கும் நடுவில் 14.1. மீட்டர் கெட்டதா?

எக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறது அண்ணே. புதிதாகப் போட்ட தேத் தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) கிளாஸ் மாதிரி.

—

ஜெலுத்தோங் வயர்மேன்

மீட்டர் நல்ல மீட்டர். அந்த மைனஸ்தான் கோளாறைப் பிடித்துக் கொடுத்தது.

ஸ்டார்ட் அடிக்கும்போது கரன்ட் ஸ்டார்ட்டரிலிருந்து இஞ்சின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கிறது. வழியில் அடைப்பு, அதனால் இஞ்சின் 1.2 மேலே நிற்கிறது. இஞ்சின் ஓடும்போது பேட்டரி முதலாளி இல்லை, ஆல்டர்னேட்டர்தான் முதலாளி. லைட்டுக்கும் வைப்பருக்கும் போன கரன்ட் பாடி வழியாக ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும், அது இருப்பது இஞ்சினில். அதே அடைப்பை இப்போது எதிர்ப்பக்கமிருந்து தாண்டுகிறது. அதனால்தான் மைனஸ். அடைப்பு ஒன்றுதான், போகிற திசைதான் மாறுகிறது.

பாடிக்கு 0.02 என்றால் பேட்டரி-பாடி கேபிள் சுத்தம். பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் கேபிள்தான் குற்றவாளி. ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் பாவம், தேவையில்லாமல் பெயர் கெட்டுப்போனது.

டெம்பரேச்சர் முள்ளும் இதில்தான் வருகிறது. டெம்பரேச்சர் சென்சார் எர்த் எடுப்பது இஞ்சினில், டாஷ்போர்டு முள் எர்த் எடுப்பது பாடியில். ஹெட்லைட் போட்டதும் இரண்டுக்கும் நடுவில் 0.3 வித்தியாசம். முள் அதைச் சூடு என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறது. தண்ணீர் சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை.

கேபிளில் வழி இல்லாததால் ஸ்டார்ட்டர் கரன்ட் இஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் வேறு இரும்பைத் தேடிப் போயிருக்கிறது. கிடைத்தது எக்ஸிலரேட்டர் கேபிள். மாற்றும்வரை தொடர்ந்து ஸ்டார்ட் அடிக்காதீர்கள்.

35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள் ஒரு மீட்டர், இரண்டு தாமிர லக் (கேபிள் முனையில் மாட்டும் வளையம்), லக்கை அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் கடையிலேயே அழுத்தி வாங்குங்கள். சுத்தியலால் தட்டி மூடிய லக் வேண்டவே வேண்டாம். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். கியர்பாக்ஸில் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். போல்ட்டை இறுக்கின பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

—

பிறை பார்ட்ஸ்

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வேறு காடிக்காரர்கள் படித்தால் உதவும். ஐடிலில் இஞ்சின் தானே நின்று கிளம்பும் புதுக் காடிகள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சின்னப் பெட்டி மாதிரி சென்சார் இருக்கும். அது எவ்வளவு கரன்ட் போகிறது, வருகிறது என்று கணக்கு வைக்கிறது. அதைத் தாண்டிக் குமிழிலேயே நேராக வயர் மாட்டினால் கணக்கு தப்பும். கூடுதல் எர்த் வேண்டுமென்றால் பாடியில் எடுங்கள். ஏர்பேக் எர்த் போல்ட்டைத் தொடவே வேண்டாம். பெட்ரோல் பைப் கிளிப்பில் எர்த் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், சாமி காப்பாற்றியது.

—

சுங்கை ஆரா மைவி

அப்போ நான் அழகுக்குத்தான் காசு கொடுத்தேனா லா 😅 வயர்மேன் அண்ணே, எனக்கும் பழைய கேபிளைப் பார்க்கச் சொல்லுவீங்களா?

—

ஜெலுத்தோங் வயர்மேன்

பாருங்கள் தம்பி. கிட் வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் உண்மை தெரியும். கிட்டை எடுக்கச் சொல்லவில்லை, மெல்லிய வயரை ஸ்டார்ட்டர் பாரத்தைச் சுமக்க விடாதீர்கள் என்கிறேன்.

—

ராத்திரி ஷிஃப்ட் (பாகான் டாலாம்)

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டேன். கேபிள், லக், கிரிம்ப் கூலி எல்லாம் சேர்த்து 28 வெள்ளி.

பழைய கேபிளைக் கழற்றும்போது முதலில் ஏமாந்துபோனேன். மேல்பக்கம் லக் பளபளவென்று இருந்தது. கியர்பாக்ஸ் பக்கம் 12ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டு எடுத்ததில் போல்ட்டும் நன்றாகத்தான் இருந்தது. இதை ஏன் மாற்றுகிறேன் என்றுகூடத் தோன்றியது. லக்குக்கு இரண்டு விரல்கடை தள்ளி, கறுப்பு உறையைச் சும்மா அழுத்திப் பார்த்தேன். உள்ளே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிளேடால் கீறினேன். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி கொட்டியது. நல்ல கம்பி எண்ணினால் ஏழோ எட்டோ இருக்கும். மற்றதெல்லாம் பொடிதான். மேல்பக்கம் போகப் போகச் செம்பு நிறம் திரும்பி வந்தது.

அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘2017 வெள்ளம்’ என்றார். அந்த நவம்பர் ராத்திரி எங்கள் வீட்டு முன்னால் பம்பர் வரை தண்ணீர் நின்றது. மறுநாள் சீட்டைக் கழற்றிக் காய வைத்தோம், எண்ணெய் எல்லாம் மாற்றினோம். கியர்பாக்ஸ் பக்கம் தொங்கும் ஒரு கேபிள் முனையை யார் நினைத்தார்கள்? உறைக்குள் ஏறிய தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் இத்தனை வருஷம் உள்ளேயே தின்றிருக்கிறது.

புதுக் கேபிள் போட்ட பிறகு ஸ்டார்ட் அடிக்கும்போது 0.11. லோடு போட்டால் −0.03. பேட்டரியில் 14.0. நேற்று ராத்திரி பாலத்தில் மழை இல்லை, ஆனாலும் வேண்டுமென்றே வைப்பர் முதல் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து லேன்காரர் ஒரு மாதிரி பார்த்தார். முள் அசையவில்லை.

—

ஜெலுத்தோங் வயர்மேன்

நல்ல வேலை தம்பி. ஆனால் எக்ஸிலரேட்டர் கேபிளையும் மாற்றிவிடுங்கள். அவ்வளவு சூடு பட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியைப் பிடிக்கும். ஒரு நாள் அழுத்திய பெடல் திரும்பி வராது. பாலத்தில் அது வேண்டாம்.

—

ராத்திரி ஷிஃப்ட் (பாகான் டாலாம்)

அண்ணே, ஒரு வாரமாகப் பெடல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. செருப்பு மாற்றினதால் என்று நினைத்தேன். இன்று ராத்திரி தம்பியின் மோட்டார் சைக்கிளில் போகிறேன், நாளைக் காலையில் கேபிள் வாங்கிவிடுகிறேன்.