விசிறி ஓலை மரம்: பனையா, தாளிப்பனையா?

பம்பலப்பிட்டிவாசி (கேள்வி)
வணக்கம். பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீட்டு வளவொன்றில் மூன்று மரங்கள் நிற்கின்றன. புதிய கட்டடத்துக்காக வளவைத் துப்புரவாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னர் அவை இன்ன மரங்கள் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு உரிமையாளருடன் பேச விரும்புகிறேன்.

முதலாவது மரத்தின் ஓலை விசிறி வடிவானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார் அதைப் பனை என்கிறார். அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் 'தல', அதாவது தாளிப்பனை, என்கிறார். அது நன்றாக வளர்ந்த மரமாக இருந்தும், நாங்கள் இங்கு குடிவந்த நாள் முதல் பூவோ காயோ கண்டதில்லை. இரண்டாவதன் ஓலைத் துண்டுகள் மீனின் வாலைப் போல ஓரம் கிழிந்திருக்கும். மூன்றாவது, வாழையிலை போன்ற இலைகளை ஒரே தளத்தில் மயில்தோகையாக விரித்து நிற்கிறது. எவற்றைப் பார்த்து இவற்றை அடையாளம் காண்பது?

வடலி
முதலாவது மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காய் இல்லாததை வைத்து அது பனை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பதால் ஆண்பனை ஒருநாளும் காய்க்காது. ஆனால் வளர்ந்த ஆண்பனை ஆண்டுதோறும் பாளை விடும். பருவத்துக்கு வந்த மரம் பாளையே விடவில்லை என்பதுதான் என்னைத் தாளிப்பனையின் பக்கம் சாய்க்கிறது. தாளிப்பனை ஏறத்தாழ 30 முதல் 80 ஆண்டுகள் வரை பூக்காமல் வளர்ந்து, பின்னர் உச்சியில் 6 முதல் 8 மீற்றர் உயரமான ஒரே பூங்கொத்தை எழுப்பும். தாவர உலகில் இதனினும் பெரிய கிளைத்த பூங்கொத்து இல்லை. காய் முற்றி உதிர்ந்ததும் மரமும் பட்டுப்போகும்.

ஓலையைக் கையிலெடுத்துப் பார்க்க முடிந்தால் ஐயம் முற்றாகத் தீரும். பனையோலை பெரும்பாலும் 1 முதல் 1.5 மீற்றர் வரை அகலமுடையது, விறைப்பானது. தாளிப்பனை ஓலை 5 மீற்றர் வரை விரியக்கூடியது; அதன் மட்டை ஓலையின் அடியோடு நின்றுவிடாமல் தடித்த நடுநரம்பாக உள்ளே நெடுந்தூரம் ஓடுவதால், ஓலை தட்டையாக விரியாமல் கூரையைப் போல இருபுறமும் சரிந்து வளையும். மட்டையோரக் கருக்கை மட்டும் நம்ப வேண்டாம்; கருக்கு இரண்டு மரங்களிலும் உண்டு. நம்மவர்கள் ஏடெழுதப் பெரிதும் பனையோலையைப் பயன்படுத்த, சிங்களச் சுவடிகள் தாளிப்பனையின் குருத்தோலையில் எழுதப்பட்டன. கொழும்பு தேசிய நூதனசாலையில் ஓலைச்சுவடிகள் பெருந்தொகையாக உள்ளன. அவற்றைப் பார்த்து வருவது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது.

தாவரவியல் மாணவி
இரண்டாவது கித்துளாக இருக்கலாம். ஆயினும் அடிமரத்தைப் பார்த்த பிறகே அப்படிச் சொல்லுங்கள். கருப்பட்டிக்கும் பாணிக்கும் பதநீர் எடுக்கும் கித்துள் தனிமரமாகவே வளரும். ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பியிருந்தால், அது அழகுக்காக வளர்க்கப்படும் அதன் உறவினமான கரியோட்டா மிட்டிஸ் ஆக இருக்கக்கூடும். தென்னையின் ஓலை ஈர்க்குகளாக ஒருமுறை பிரிவதோடு நின்றுவிடும்; கித்துளின் ஓலையோ கிளைத்து, கிளைகளும் மீண்டும் பிரியும். விசிறியுமில்லாமல் இறகுமில்லாமல் தோன்றுவதற்கு அதுவே காரணம். அதன் பூங்குலைகள் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொன்றாக வெளிவரும். கடைசிக் குலையும் முடிந்தபின் அந்தத் தண்டு பட்டுவிடும். பழத்தின் சதையிலுள்ள ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேட்டுப் படிகங்கள் கடும் அரிப்பைத் தருபவை. சிறுவர்கள் பழத்தைக் கையால் நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பனை இனமே அன்று. மடகஸ்காரிலிருந்து வந்த ரவெனாலா அது. இலைக்காம்புகளின் அடியில் மழைநீர் தேங்குவதால் பயணிகள் மரம் என்பார்கள். விதையைச் சுற்றியுள்ள நீல நிறச் சதையைப் பார்த்தால் பிறகு ஒருபோதும் மறக்கமாட்டீர்கள்.

பம்பலப்பிட்டிவாசி
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றைய காற்றில் விழுந்து கிடந்த ஓலையொன்றைக் காவலாளியின் உதவியோடு விரித்து அளந்தோம். அகலம் 3 மீற்றருக்கு மேல் இருந்தது; நடுநரம்பு ஓலையின் பாதியையும் தாண்டி ஓடி, நீங்கள் சொன்னபடியே அதை இரு சரிவாக வளைத்திருந்தது. ஆகவே தாளிப்பனைதான். இரண்டாவது தனித் தண்டுடன் நிற்பதால் கித்துள் என்றே கொள்கிறேன். தாளிப்பனை மதிலோரமாக நிற்கிறது. கட்டட வரைபடத்தை மாற்றாமலே அதை விட்டுவைக்க முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். வேறு எதைக் கவனிக்கச் சொல்வது?

வடலி
அத்திவாரம் வெட்டும்போது அடிமரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டாதிருக்கச் சொல்லுங்கள். முதிர்ந்த ஓலை மட்டையோடு விழும்போது பெரும் பாரத்தோடு விழும். ஆகவே அதன் கீழ் வாகனத் தரிப்பிடமோ பிள்ளைகள் விளையாடும் இடமோ அமையக் கூடாது. உச்சியில் பூங்கொத்து தோன்றினால் உடனே தறித்துவிட வேண்டாம். காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அதுவரை பொறுத்தால் விதைகளைச் சேகரிக்கலாம். மரம் பட்டபின் மதில் பக்கம் சாயுமுன்னர் ஆட்களைக் கொண்டு உச்சியிலிருந்து துண்டுதுண்டாக இறக்கிவிட வேண்டும்.