அப்பத்தா வீடு – குழுவில் இரண்டு நாள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை

திருமங்கலம் அத்தை: செய்தி பார்த்தீர்களா? நாட்டுப்புறப் பாட்டுக்காரி கொல்லங்குடி கருப்பாயி காலமாகிவிட்டாராம். 99 வயது. ஆத்தாவிடம் யாரும் பட்டென்று சொல்லிவிடாதீர்கள்.

நான்: டிவியில் போய்விட்டது அத்தை. அப்பத்தா பார்த்துவிட்டது. தட்டில் கையைக் கழுவிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

திருமங்கலம் அத்தை: பக்கத்திலேயே இரு. காபி போட்டுக் கொடு.

துபாய் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நீக்கினது நல்லது தம்பி. நீ போட்ட படம் பரவை முனியம்மா. அவர் 2020 மார்ச் 29 அன்று தவறினார். ஊரடங்கு தொடங்கிய முதல் வாரம். சோழவந்தானிலிருந்து பரவை கூப்பிடு தூரம்தான், ஆனாலும் போய் முகம் பார்க்க முடியவில்லை. இரண்டு பேருமே பாட்டுக்காரிகள். ஆனால் ஊர் வேறு, குரல் வேறு. மாற்றிப் போட்டால் இரண்டு பேருக்கும் குறை.

துபாய் அண்ணன்: மன்னியுங்கள் பெரியப்பா. வேறு குழுவில் வந்ததை அப்படியே போட்டுவிட்டேன்.

சென்னை அக்கா: 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக வருவாரே, அவர்தானே?

பெரியப்பா: அவரேதான். படம் வந்தது 1985. அதற்கு முன்பே ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர். பாண்டியராஜன் அவரை நடிக்கக் கூப்பிட்டார். 1993-ல் கலைமாமணி கொடுத்தார்கள். நம் வீட்டில் அவர் சினிமாக்காரர் இல்லை அம்மா, ரேடியோக்காரர்.

கோவை சித்தப்பா: அண்ணன் சொல்வது சரி. எனக்கு அந்த மர்பி ரேடியோதான் ஞாபகம் வருகிறது. பாட்டரி தீர்ந்துபோனால் ஆத்தா நாலையும் கழற்றிக் கூரை ஓட்டின் மேல் வெயிலில் வைக்கும். சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு மணி நேரம் பாடும். மதுரை வானொலி நிலையம் 1987-ல்தான் வந்தது, அதுவரைக்கும் நமக்குத் திருச்சிதான். கரகரவென்று இரையும். ஒருநாள் ஆத்தா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் கருப்பாயி அம்மா குரல் வந்ததும் எழுந்து உள்ளே போனது, போனதுதான். பானைக்கு அடியில் தீ அணைந்துவிட்டது. தாத்தா வந்து சத்தம் போட்டார். ஆத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாத்தாவுக்குப் பயப்படாத ஆத்தாவை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

சென்னை அக்கா: எனக்கு இது தெரியவே தெரியாது சித்தப்பா. அப்பத்தாவுக்கு அவரைப் பழக்கமா?

பெரியப்பா: நேரில் பார்த்ததே இல்லை. ஆத்தா பிறந்தது காளையார்கோவில் பக்கம். சிவகங்கை தாண்டி அந்த வழியில்தான் கொல்லங்குடி. 17 வயதில் இங்கே வாக்கப்பட்டு வந்தது. அங்கே வானம் பார்த்த பூமி. புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். நடவே கிடையாது. அதனால் ஆத்தாவுக்குத் தெரிந்தது எல்லாம் களையெடுப்புப் பாட்டு. இங்கே வைகைத் தண்ணீர், நாற்று, நடவு. நடவுப் பாட்டுக்கு வேகம் உண்டு, குனிந்தபடியே பின்னால் போக வேண்டும். களையெடுப்பு உட்கார்ந்து நகர்கிற வேலை, பாட்டும் இழுத்துத்தான் வரும். வந்த புதிதில் வயலில் ஆத்தா பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் "இது என்ன இழவு வீட்டு ராகம்" என்பார்களாம். வாயை மூடிக்கொண்டது. பல வருசம் கழித்து அதே இழுப்பு ரேடியோவுக்குள்ளிருந்து வருகிறது. அதே ஊர்ப் பேச்சு. இப்போது புரிகிறதா, பானை ஏன் அணைந்தது என்று?

துபாய் அண்ணன்: படிக்கும்போதே என்னவோ செய்கிறது பெரியப்பா.

அம்மா: படம் பார்க்க டூரிங் கொட்டகைக்கு அத்தையை, அதான் உங்கள் அப்பத்தாவைக் கூட்டிப் போனதை மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். படம் முடிந்து வரும்போது அத்தை சொன்னார்களாம், "அவ எங்கே நடிச்சா? எங்க ஊருப் பொம்பளை ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கா, படத்தைச் சுத்தி எடுத்துக்கிட்டாங்க."

சென்னை அக்கா: பாட்டெல்லாம் அவரே எழுதினதா?

பெரியப்பா: எழுதுவது என்று சொல்ல மாட்டார்கள். பாட்டுக் கட்டுவது. ஒருத்தி முதல் அடியைப் போடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்கிப் பாடுகிற நேரத்தில் அவள் அடுத்த அடியைக் கட்டிவிட வேண்டும். தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. வரப்பில் யார் வந்தாலும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தும் நிலத்துக்காரர் கரையேறச் சொல்லவில்லை என்றால், வாய் திறந்து கேட்க முடியாது, கூலிக்கு வந்தவர்கள். பாட்டில் சொல்வார்கள். சூரியன் சாய்ந்ததை, தொட்டிலில் பிள்ளை அழுவதை. அவருக்கு உறைக்கும். கருப்பாயி அம்மா அப்படி வயல் வேலையில் பாடி வந்தவர். அந்தக் கட்டுகிற கை அவரிடம் இருந்தது. நேற்றுப் பாடினது மாதிரி இன்றைக்கு இருக்காது.

கோவை சித்தப்பா: அப்படியென்றால் பதிவானது மட்டும்தான் மிச்சம். வயலில் பாடினதெல்லாம் அவரோடு போச்சு.

பெரியப்பா: போச்சு.

திருமங்கலம் அத்தை: நான் காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அங்கே பேராசிரியர். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர்தான். அவரும் அவர் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் பாடுவதைச் சேகரித்தவர்கள். நான் ஒருநாள்கூட எங்கள் ஆத்தாவும் பாடும் என்று போய்ச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன். அது இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது.

கோவை சித்தப்பா: இன்றைக்கு என்ன கெட்டுப்போச்சு அக்கா? ஆத்தா இருக்கிறது. போன் இருக்கிறது. தம்பி, ஆத்தாவைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணு.

நான்: கேட்டுப் பார்க்கிறேன் சித்தப்பா.

நான்: குரல் பதிவு, 1:08

சென்னை அக்கா: இதில் அப்பத்தா இருமுவதும் "போடா அங்கிட்டு" என்பதும்தான் கேட்கிறது.

நான்: வரவில்லை என்கிறது. ரெண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தது. "கை சும்மா கெடக்கையில பாட்டு எப்படி வரும்" என்று கேட்கிறது.

அம்மா: சுளகை எடுத்துக் கையில் கொடு. ரேஷன் அரிசி டிரம்மில் இருக்கிறது. புடைக்கச் சொல். பாடு என்று சொல்லாதே. போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வை, முகத்துக்கு நேரே நீட்டாதே.

நான்: சரிம்மா.

நான்: குரல் பதிவு, 6:41

கோவை சித்தப்பா: அய்யோ.

திருமங்கலம் அத்தை: சுளகுச் சத்தம்தான் தாளம். முதல் ரெண்டு நிமிடம் வெறும் புடைப்புதான், ஓட்டிவிடாதீர்கள். அப்புறம் தானாக வருகிறது. இந்தப் பாட்டை நான் தொட்டிலில் கேட்டது. அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: நாலாவது நிமிடத்தில் நம் அப்பா பெயரை வைத்து ஓர் அடி வருகிறது. கேட்டீர்களா? அந்தக் காலத்தில் பெயரையே சொல்லாது.

திருமங்கலம் அத்தை: கேட்டேன் அண்ணே.

நான்: இன்னொரு விசயம். பாடி முடித்துவிட்டு அப்பத்தா கேட்கிறது, கருப்பாயிக்கு ஒப்பாரி வைக்க வேண்டுமாம். "ஊருக்கெல்லாம் பாடினவளுக்கு ஒருத்தி அழ வேண்டாமா" என்கிறது.

திருமங்கலம் அத்தை: வீட்டில் வேண்டாம். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். இழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. ஆத்தாவே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

சென்னை அக்கா: என் கல்யாணத்துக்காக என்றால் எனக்கு ஒன்றும் இல்லை அத்தை. பாடட்டும்.

திருமங்கலம் அத்தை: உனக்கு இல்லை என்றாலும் நான்தான் யோசிக்க வேண்டும் கண்ணு.

பெரியப்பா: ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். வீட்டில் வேண்டாம். விடிந்ததும் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போகட்டும். அங்கே யாருக்கு யார் அழுதாலும் தண்ணீர் கொண்டு போய்விடும். வரும்போது தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் நுழையட்டும்.

திருமங்கலம் அத்தை: அது சரி அண்ணே.

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை

நான்: போய்விட்டு வந்துவிட்டோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அப்பத்தா நூல்சேலை கட்டிக்கொண்டது. கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அருகம்புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. கைக்கு வேலை. பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தது. பக்கத்துத் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார்.

நான்: குரல் பதிவு, 4:12

நான்: காற்றுச் சத்தம் இருக்கிறது. எனக்குக் கேட்டதை அடித்துப் போடுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

களையெடுக்கப் போனோமே
கருவக்காட்டுப் பாதையில – என்னப் பெத்த மகராசி
கையிருக்கு களையிருக்கு
கட்டிப் பாட ஆளில்லையே

ரேடியோப் பொட்டிக்குள்ள
ராசாத்தி நீ பாட – என்னப் பெத்த மகராசி
நெல்லவிச்ச பானையத்தான்
நெருப்பணைய விட்டேனே

தண்ணியில்லாச் சீமையில
தாகத்துக்குப் பாடினவ – என்னப் பெத்த மகராசி
கம்மாக் கரையோரம்
கண்ணசந்து போனாயோ

கோவை சித்தப்பா: அந்தப் பானையை ஆத்தா இன்னும் வைத்திருக்கிறது பாருங்கள். நாற்பது வருசம் ஆச்சு.

பெரியப்பா: மூன்றாவதில் "தாகத்துக்கு" இல்லை தம்பி, "தாவத்துக்கு" என்று பாடுகிறது. அதையே போடு. திருத்தாதே.

நான்: மாற்றி எழுதிக்கொள்கிறேன் பெரியப்பா. நாலாவதாக ஒன்று வருகிறது, பாதி பிடிபடவில்லை. திரும்பப் பாடச் சொன்னேன். பாடியது. ஆனால் அது வேறு அடி.

பெரியப்பா: அப்படித்தான் வரும். ரெண்டையும் வை.

அம்மா: அத்தை இப்போது எப்படி இருக்கிறார்கள்?

நான்: குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டது. நேற்றிலிருந்து இப்போதுதான் சாப்பிடுகிறது. கருப்பாயிக்குப் பதினாறாம் நாள் என்றைக்கு என்று கேட்கிறது.

திருமங்கலம் அத்தை: நேற்றிலிருந்து எண்ணினால் 29-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை வருகிறது. எதற்குக் கேட்கிறது?

நான்: அன்றைக்குக் கொல்லங்குடி போக வேண்டுமாம். யார் வீட்டுக்கும் இல்லை. வெட்டுடையார் காளி கோவிலில் ஒரு சூடம் ஏற்றிவிட்டு, ஊர் எல்லையில் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதுமாம். அந்தப் பக்கம் போய்ப் பதினோரு வருசம் ஆச்சு என்கிறது.

கோவை சித்தப்பா: நான் சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுகிறேன்.

பெரியப்பா: என் வண்டியில் ஐந்து பேர். ஆத்தா முன்னால். வெயில் ஏறுவதற்குள் சிவகங்கையைத் தாண்டிவிட வேண்டும், ஐந்து மணிக்குக் கிளம்பலாம்.

அம்மா: சுளகையும் வண்டியில் போடுங்கள்.