ராத்திரி ரோந்து: பின்னாடி போனாலே வம்புக்குப் போனதா ஆயிடுமா?

*செகரட்டரி:* நாளையிலிருந்து நம்ம குடியிருப்புல ராத்திரி ரோந்து. வக்கீல் மேடம், ஒண்ணு தெளிவாகணும். சந்தேகமா சுத்துற ஆள் பின்னாடி நம்ம பசங்க போறாங்க. அவர் திரும்பி கை ஓங்கினா நாம தற்காப்புன்னு அடிக்கலாமா? இல்ல, பின்னாடி போனதே நாம வம்பிழுத்ததா ஆகுமா?

*ஏ-2 வக்கீல்:* பொதுத்தெருவுல தள்ளி நடந்து போறது மட்டும் குற்றமில்ல சார். பிஎன்எஸ் (எது குற்றம், என்ன தண்டனைன்னு சொல்ற சட்டம்) 130ஆம் பிரிவுல தாக்க முனைஞ்சதா ஆகணும்னா, அடிக்கப் போறாங்கன்னு எதிராளி அஞ்சுற மாதிரி சைகையோ ஆயத்தமோ இருக்கணும். வெறும் வார்த்தை போதாது. ஆனா வார்த்தை சைகைக்கு அர்த்தம் கொடுத்துடும். கையில தடியோட "நில்லுடா"ன்னு நெருங்கினா அது வெறும் பின்தொடர்தல் இல்ல.

*பி-11:* அக்கா, தொடாம சும்மா மறிச்சு நின்னா?

*ஏ-2 வக்கீல்:* அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க தம்பி. போக உரிமை உள்ள பக்கம் போக விடாம தடுத்தாலே 126: ஒரு மாசம் வரை வெறுங்காவல், இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் கூட வரலாம். எந்தப் பக்கமும் நகர முடியாம சுத்தி நின்னா 127, ஒரு வருஷம் வரை. இதெல்லாம் உடல் சம்பந்தப்பட்ட குற்றங்கள். அதனால தற்காப்பு உரிமை அந்த நிமிஷமே அவர் பக்கம் போயிடுது. முதல் அடி விழற வரை அவர் காத்திருக்க வேண்டியதில்ல, நியாயமான அச்சம் போதும். சட்டப்படி தன்னைக் காத்துக்கிறவர் மேல நீங்க திரும்பத் தற்காப்பு பேச முடியாது.

*டி-7 எஸ்ஐ (ஓய்வு):* பிடிச்சு வைக்கிறதுக்கும் எல்லை உண்டு. பிஎன்எஸ்எஸ் (கைது, விசாரணை நடைமுறைச் சட்டம்) 40: ஜாமீன்ல விட முடியாத, போலீஸ் நேரடியா கைது செய்யக்கூடிய குற்றம் உங்க கண் முன்னாடி நடந்திருக்கணும். தாமதிக்காம, எப்படியும் 6 மணி நேரத்துக்குள்ள ஒப்படைக்கணும். "முழி சரியில்ல"ங்கறது குற்றமில்ல.

*பி-11:* அப்ப செயினை அறுத்துட்டு ஓடுறவனை விட்டுடறதா?

*ஏ-2 வக்கீல்:* துரத்தலாம்பா. சாதாரணத் திருட்டுன்னா அவன் பொருளோட தப்பிப் போற வரை, இல்ல போலீஸ் உதவி கிடைக்கிற வரை, இல்ல பொருள் திரும்பக் கிடைக்கிற வரை பிஎன்எஸ் 43ல தற்காப்பு உரிமை இருக்கு. செயினைக் கீழே போட்டு, நீங்க எடுத்தாச்சுன்னா அதோட சரி. அப்புறம் விழற ஒவ்வொரு அடியும் உங்க கணக்கு. ஆபத்து விலகினதும் பலப்பிரயோகம் நிக்கணும்னு 1962லயே ஜெய்தேவ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

*இ-3:* அமெரிக்காவுல பின்தொடர்ந்து சுட்டவர் விடுதலை ஆனாரே மேடம்?

*ஏ-2 வக்கீல்:* ஃபுளோரிடா, 2012, ஜிம்மர்மேன். பின்தொடர்ந்ததை மட்டும் வச்சு அவரை வம்பைத் தொடங்கினவரா ஜூரி (தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு) பார்க்கலாம்னு அறிவுறுத்த நீதிபதி ஒத்துக்கல. 2013ல விடுதலை. ஆனா ஜார்ஜியா, 2020 பாருங்க. ஓடிட்டிருந்த ஆர்பெரிங்கற இளைஞரை மூணு பேர் ரெண்டு பிக்கப் வண்டியில துரத்தி, வழியை அடைச்சு, துப்பாக்கியோட இறங்கி, சுட்டுக் கொன்னாங்க. தற்காப்புன்னு சொன்னது எடுபடல. 2021ல மூணு பேருமே கொலைக் குற்றவாளிகள். பொதுமக்கள் கைது செய்யலாம்ங்கற பழைய சட்டத்தையும் அந்த மாநிலம் அதே வருஷம் நீக்கிடுச்சு. வழியை அடைக்கிறதுதான் ரெண்டுக்கும் நடுவுல நான் பார்க்கிற கோடு.

*சி-4 அத்தை:* நம்ம பொண்ணுங்க பின்னாடி ஒருத்தன் வந்தா?

*ஏ-2 வக்கீல்:* விருப்பமில்லைன்னு தெளிவாக் காட்டியும் திரும்பத் திரும்பப் பின்னாடி வந்து பேசப் பழகப் பார்த்தா பிஎன்எஸ் 78, அத்தை. முதல் தடவை மூணு வருஷம் வரை. அடுத்ததுக்கு அஞ்சு. தற்காப்புன்னு வந்தா, அந்த இருட்டுச் சந்துல அவ இடத்துல நின்னுதான் பார்க்கணும். அவ வேகம் கூட்ட அவனும் கூட்டினான், குறுக்கே வந்தான்னா அச்சம் நியாயம்தான். பதற்றத்துல இருக்கறவங்க பலத்தைத் தராசுல நிறுத்துப் பிரயோகிக்க முடியாதுன்னு கோர்ட்டே ஏத்துக்குது.

*டி-7 எஸ்ஐ (ஓய்வு):* ரோந்துப் பசங்க கவனிங்க. ரெண்டு ரெண்டு பேரா போங்க. 30 அடி இடைவெளி. டார்ச் தரையில, முகத்துல இல்ல. ஒருத்தர் பார்க்க, இன்னொருத்தர் 100க்கு போன்: இடம், சட்டை நிறம், வண்டி நம்பர், போற திசை. அவர் நின்னு திரும்பினா நீங்களும் நின்னு ரெண்டு அடி பின்வாங்கி, "போலீஸுக்குச் சொல்லியாச்சு"ன்னு சத்தமா சொல்லுங்க. நீங்க விலகினது கேமராவுல பதிஞ்சா அதுதான் நாளைக்கு உங்க சாட்சி. தற்காப்புன்னு சொல்றவர்தான் அதைக் காட்டணும்.

*செகரட்டரி:* சரி சார். வாங்கி வச்ச நாலு தடியையும் திருப்பிக் கொடுத்துடறேன். அந்தக் காசுக்கு டார்ச் ரெண்டு வாங்கலாம். பின்பக்க கேட் கேமரா தெருவைக் காட்டல, காலையில ஆளை வரச் சொல்லியிருக்கேன்.