மன்னித்தும் கசப்பு போகவில்லை, வழி சொல்லுங்கள்

ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். 2017-இல் அப்பா இறந்ததும், விடுதலைப் பத்திரம் (சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) என்று சொல்லாமலே என்னிடம் கையெழுத்து வாங்கித் தம்பி வீட்டை எடுத்துக்கொண்டான். வழக்குப் போடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்திலும் சொல்லியாயிற்று. ஆனால் ஆலயத்தில் அவன் முதுகைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. நான்கு மாதமாகத் திருவிருந்து (நற்கருணை) எடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் 40-உம் உபவாசம் இருந்தேன். பின்னானவைகளை மறக்கச் சொல்லும் பிலிப்பியர் 3:13 மனப்பாடம். ஐயரிடம் (சபைப் போதகர்) போனேன், "ஜெபியுங்கம்மா" என்றார். (அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!) மத்தேயு 5:24 ஒப்புரவாகச் சொல்கிறது, சரி, அங்கே குறை நம்மேல். இங்கே தவறு அவனுடையது. 18:15-இன்படி தனியாகப் போய்ச் சொல்லக் கால் எழவில்லை.

எதிராளி மன்னிப்புக் கேட்காமலே கசப்பை விட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: நேரில் போய்ப் பேசினீர்களா, பேசாமலே விட்டீர்களா?