புதுப்பிப்பு: கொதிசூட்டில் மைக்ரோவேவை விழுங்கும் கார்பன்

ரேடாரின் மைக்ரோவேவ் அலைகளை உறிஞ்ச விமானத்தில் பூசும் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) பூச்சு, ஜெட் இன்ஜின் வால்பக்கச் சூட்டில் காந்தத்தன்மையை இழந்து உறிஞ்சாமல் போய்விடும், அங்கே கார்பன்தான் கைகொடுக்கும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். கார்பன் எரிந்துவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். எரியும்தான், காற்றில் 500 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே ஆரம்பித்துவிடும். அதனால்தான் கார்பன் இழைகளையோ நானோகுழாய்களையோ (கார்பனாலான மிக நுண்ணிய குழாய்கள்) சிலிக்கா, சிலிக்கன் கார்பைடு மாதிரியான பீங்கானுக்குள் புதைக்கிறார்கள். சிலிக்கன் கார்பைடு கடும் சூட்டில் தன்மேல் ஒரு சிலிக்கா படலத்தைப் போர்த்திக்கொண்டு ஆக்சிஜனைத் தடுக்கும்.

சரி, எரிவதைத் தடுத்தாயிற்று. எனக்கு நிஜத் தலைவலியாகத் தெரிவது வேறு. சூடு ஏற ஏற இந்தக் கலவைகளில் மின்கடத்தல் கூடும். அளவுக்கு மீறினால் அலை உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அறை வெப்பத்தில் திரும்பும் அலையின் அளவாக மைனஸ் 10 டெசிபெல் (அதாவது 90% ஆற்றல் திரும்பாது) காட்டிய தகடு, சூட்டில் சொதப்பலாம். ஆகவே கார்பனைக் கொஞ்சம் கஞ்சத்தனமாகக் கலப்பதே புத்திசாலித்தனம்.